ஒரு மணிக்கு எதிர் ஜன்னலில்

நாளை மறுநாள் முதல் நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகப் போகிறீர்கள். குளிப்பாட்டுவது, பால் கலக்குவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பிள்ளை பார்த்து, முட்டி தேய்ந்து, போன ஆவணியோடு வேலையை நிறுத்தியவள் என்பதால் என்னிடமும் நாலு வார்த்தை கேட்டார்கள். யாரும் சொல்லித் தராத ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பிள்ளை உறங்கும். இரண்டரைக்கு எழும்பும். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் என்ன செய்வீர்கள்?

காலை நீட்டி இருக்கலாம் என்றுதானே தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் ஒரு வாரம் சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் என் காதுக்குள் ஏறிக்கொண்டது. பாத்திரம் கழுவ முடியாது, சத்தம் கேட்கும். துணி துவைக்க வெளியே போக முடியாது. யாரையும் போனில் கூப்பிட முடியாது. சொந்த வீட்டில் நாள் முழுக்கத் தனியாக இருந்தாலும் ஒன்றும் தோன்றாது. அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் நாற்காலியில், அடுத்தவர் பிள்ளை உறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு மாதிரித் தனிமை. அதை இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

என் முதல் வீடு காஞ்சிரங்குளத்தில். நாலு மாதப் பெண் குழந்தை. அம்மா பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்த வீட்டில் நான் செய்த காரியத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் கடிகாரச் சத்தம் தாங்காமல் கையிலிருந்த கரண்டியை வேண்டுமென்றே தரையில் போட்டேன். குழந்தை விழித்து அழுதாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். ஓடிப் போய்த் தூக்கினேன், கொஞ்சினேன், பாடினேன். வீட்டுக்குள் திரும்பவும் ஒரு ஆள் வந்த மாதிரி இருந்தது. மறுநாள் தட்டத்தைப் போட்டேன். அதற்கு மறுநாள் கதவைச் சற்று ஓங்கி அடைத்தேன். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போனது.

அந்தக் குழந்தை சாயங்காலம் ஆனால் நிறுத்தாமல் அழ ஆரம்பித்தாள். அம்மா டாக்டரிடம் கொண்டுபோனார். பகலில் எவ்வளவு நேரம் உறங்குகிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அம்மா என்னிடம் கேட்டார்.

"அவளா முழிச்சிக்கிடுதா மேடம்" என்று சொன்னேன். பச்சைப் பொய்.

அன்று சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். உறக்கம் கண்ணைக் கட்டியும் உறங்கத் தெரியாமல் அவள் என் கழுத்தைப் பிறாண்டினாள். சின்ன நகம். அந்த எரிச்சல்தான் என்னை உண்மை சொல்ல வைத்தது. வேலை போனால் போகட்டும் என்று அம்மா முன்னால் போய் நின்றேன்.

"மேடம், அவ தானா முழிக்கல்ல. நான்தான் எழுப்பினேன். வீட்டுக்க உள்ள சத்தமே இல்லாம இருக்கச்சில எனக்குப் பேடியாக்கும், ஒரே பயம்."

அவர் குழந்தையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் எழுப்பியிருக்கேன் சேச்சி. லீவுல இருக்கச்சில. இவளும் உறங்கிட்டா எனக்கு யாரு உண்டு?"

பெற்ற தாய்க்கே அப்படி என்றால் இது என் குணக்கேடு மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வெறுமைக்கு ஒரு வழி செய்யாவிட்டால் அது நம்மைப் பிடித்துத் தின்னும், நம்மைத் தின்றபின் பிள்ளையிடம் போகும். பிள்ளையை எழுப்பக் கை துடிக்கிற அன்றைக்கு நீங்கள் உங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதன்பிறகு பல வழி பார்த்தேன். போனில் சீரியல் பார்த்தேன். காதில் இயர்போன் மாட்டியிருந்ததால் ஒரு பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டியது தெரியவில்லை. அந்தக் கருவியை அன்றே அடுப்பில் போட்டேன். நூலில் பூ பின்னினேன், ஊசியைத் தேடுவதே வேலையாகிவிட்டது. வருஷங்கள் இப்படிப் போய்த் திருப்புறம் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு வந்தேன். இனி சொல்லப் போவது அந்த வீட்டுக் கதை. இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நடந்துகொண்டேதான் சொல்வேன்.

பிள்ளையின் பெயர் அப்பு. பதினோரு மாதம். அம்மா கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். நான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பு உறங்கும் முறி ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தாழ்ந்த மதில், மதிலுக்கு அப்பால் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு இடவழி, அதற்கப்பால் இன்னொரு வீடு. அந்த வீட்டு ஜன்னலும் எங்கள் ஜன்னலும் நேருக்கு நேர்.

சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு மணிக்கு ஜன்னலருகே நின்றேன். எதிர் ஜன்னலில் என்னைப் போலவே ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பின்வாங்கினோம். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள் நான் கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள். பேச முடியாது, இங்கேயும் பிள்ளை உறங்குகிறது, அங்கேயும் உறங்குகிறது.

அந்த வாரக் கடைசியில் பஸ் நிறுத்தத்தில் நேரில் பார்த்தோம். பெயர் ரெத்தினபாய். ஊரம்புப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மாளு என்ற இரண்டரை வயதுப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். மாளுவின் அம்மா திருவனந்தபுரத்தில் நர்ஸ், அப்பா வளைகுடாவில்.

"பிள்ளை உறங்கினப்பெறவு நீ என்ன செய்வா?" என்று கேட்டாள்.

"செவுத்தப் பாப்பேன். நீங்க?"

"நான் உன்னப் பாப்பேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் வந்து போய்விட்டது, நாங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ் வருவதற்குள் அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"ஆடுபுலி ஆட்டம் தெரியுமா மக்கா?"

தெரியாமல் என்ன. மூன்று புலி, பதினைந்து ஆடு. கோடு சந்திக்கிற இடங்கள் இருபத்து மூன்று. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு. ஆடுகள் சேர்ந்து புலியை நகர முடியாமல் அடைத்தால் புலி போச்சு. ஆனால் இடவழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எப்படி ஆடுவது?

அதற்கும் வழி வைத்திருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் ஒரு களம் வரைய வேண்டும், நான் ஒரு களம் வரைய வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே மாதிரி எண். விரல் காட்டினால் ஒன்று முதல் ஒன்பது. மூடிய முஷ்டி பத்து, இரண்டு முஷ்டி இருபது. காய்க்குப் புளியங்கொட்டை வைக்கலாமா என்று கேட்டேன். "புத்தி உண்டா உனக்கு? பிள்ளை வாயில போட்டா?" என்று அதட்டினாள். துணிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப்பைக் காயாக வைத்தோம். பச்சைக் கிளிப் ஆடு, சிவப்புக் கிளிப் புலி.

திங்கட்கிழமை ஒரு மணி. அப்பு உறங்கினான். ஜன்னலுக்குப் போனேன். அவள் நின்றாள். நான் ஒரு முஷ்டியும் நாலு விரலும் காட்டினேன்: பதினான்கில் ஒரு ஆடு. அவள் குனிந்து தன் களத்தில் வைத்தாள். யோசித்தாள். மூன்று விரல், பிறகு எட்டு விரல்: மூன்றாம் இடத்துப் புலி எட்டுக்கு வருகிறது. வருஷக்கணக்காக நான் வெறுத்த அந்த நேரத்தில் ஒரு புலி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு ஏழெட்டு நகர்த்தல்தான் நடக்கும். இடையில் பிள்ளை சிணுங்கினால் கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவோம்; ஆட்டம் அப்படியே நிற்கும், நாளைக்குத் தொடரும். நன்றாகக் கவனியுங்கள், அந்த ஆட்டத்தின் அருமை அதுதான். போன் நம் காதையும் கண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இது கண்ணை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, காதைப் பிள்ளையிடமே விட்டுவைத்தது. எப்போது விட்டாலும் கோபிக்காத வேலையாகப் பார்த்து எடுங்கள்.

முதல் ஆட்டம் ஆறு நாள் நடந்தது. தோற்றேன். இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றேன். மூன்றாவது ஆட்டத்தில் அவளுடைய ஒரு புலியை மூலையில் அடைத்தபோது சத்தம் போட முடியாமல் முறிக்குள் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பால் புட்டி கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் எனக்குப் பதினேழா பத்தொன்பதா என்பதே நினைப்பு.

ஒரு நாள் டீச்சர் வேலை முடிந்து வந்ததும் என்னை உட்காரச் சொன்னார். முகம் சரியில்லை.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டா. முறியில கேமரா உண்டுண்ணு சேச்சிக்கு அறியாமே?"

அறியும் என்றேன். சேர்ந்த நாளே சொல்லியிருந்தார்கள்.

"டெய்லி ஒரு மணிக்கு ஜன்னல்கிட்ட நிண்ணு இந்த முஷ்டி, இந்த விரல்... யாருக்காக்கும் காட்டுதது? அப்புக்க அச்சன் பாத்துட்டு இது மந்திரவாதமாக்கும்ணு சொல்லுதாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மறைத்தால் கெட்டது. காலண்டர் தாளையும் கிளிப்பையும் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன். முதலிலிருந்து சொன்னேன். காஞ்சிரங்குளத்துக் கரண்டியையும் சொல்ல வாய் வந்தது, அதை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

டீச்சர் களத்தைக் குனிந்து பார்த்து, ஒரு சிவப்புக் கிளிப்பைத் தொட்டார். "இந்தச் சொமலப் புலி இப்ப எங்கோட்டு போவும்?" என்று கேட்டார்.

"அதுதான் டீச்சர் எனக்கும் தெரியல்ல."

அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பு சாப்பிட்டானா என்று கேட்பார், இரண்டாவது கேள்வி, "புலி என்னாச்சு?" நமக்கு என்ன தேவை என்பதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பாதிப் பேராவது புரிந்துகொள்வார்கள். கேட்டுப் பார்க்கலாம்.

இனிதான் அந்த நாள்.

ஐந்தாவது ஆட்டம். அவளுடைய இரண்டு புலிகள் அடைபட்டுவிட்டன. மூன்றாவது புலிக்கு இரண்டே வழி. அதில் எதில் போனாலும் நான் இன்னும் நாலு நகர்த்தலில் அடைத்துவிடுவேன். முறை அவளுடையது. காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்பு பன்னிரண்டே முக்காலுக்கு உறங்கினான். ஒரு மணிக்கு ஜன்னலுக்குப் போனேன்.

எதிர் ஜன்னல் திறந்திருந்தது. அவள் இல்லை.

ஒன்று பத்து ஆனது. தோற்கப் போகிறாள், அதனால் ஒளிந்துகொண்டாள் என்று நினைத்து எனக்குள்ளே சிரித்தேன். ஒன்று இருபது. அப்போது ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மாளு. சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு முஷ்டியை மூடிக் காட்டினாள். பிறகு ஐந்து விரல். பிறகு திரும்பவும் முஷ்டி. நாங்கள் செய்வதை அவள் எப்போதோ பார்த்துவைத்திருக்கிறாள்.

ஒரு நொடி சிரித்தேன். அடுத்த நொடி என் கண் அவள் பின்னால் போனது. பிள்ளை விழித்திருக்கிறது, சோபாவில் ஏறி நிற்கிறது, பின்னால் யாரும் இல்லை. ரெத்தினபாய் மாளுவை அரை நிமிடம் தனியாக விடுகிறவள் இல்லை.

போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன். எடுக்கவில்லை. மாளுவின் அம்மாவுடைய எண் என்னிடம் இல்லை. இத்தனை நாள் எதிரெதிரே நின்றும் அந்த எண்ணை வாங்கிவைக்கத் தோன்றவில்லை பாருங்கள், அது என் பிழை. டீச்சரைக் கூப்பிட்டேன். வகுப்பு நேரம், எடுக்கவில்லை.

இடவழியைத் தாண்டினால் அந்த வீடு. முப்பது அடி. உறங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? இரண்டே நிமிடம். இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். இரண்டு நிமிடம் என்று நாம் நினைப்பது ஒருபோதும் இரண்டு நிமிடம் இல்லை. என் கையில் ஒப்படைத்த பிள்ளை அப்பு. அவனை விட்டுப் போக முடியாது. ஆனால் அங்கே கண் முன்னால் இன்னொரு பிள்ளை. போகாமலும் இருக்க முடியாது. அப்படியானால் அவனையும் எடுத்துக்கொண்டு போவதுதான்.

அப்புவைத் தோளில் போட்டேன். போகும்முன் கேமராவின் முன்னால் போய் நின்று, அதற்குக் காது உண்டு என்று தெரியும், தெளிவாகச் சொன்னேன்: "டீச்சர், எதிர் வீட்டுல ரெத்தினத்தைக் காணல்ல. மாளு ஒத்தையில நிக்குது. அப்புவை எடுத்துக்கிட்டு அங்க போறேன். போன் கையில உண்டு." கதவைப் பூட்டி, சாவியை எடுத்து, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த வீட்டின் முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஜன்னலுக்குப் போனேன். எரிந்த பாலின் நாற்றம் அடித்தது.

"மாளு மோளே, ரெத்தினம்மை எங்க?"

"ஒறங்ஙுது" என்றாள்.

"எங்க ஒறங்ஙுது?"

"அடுக்களையில. தாழ."

தரையில். அடுப்பு எரிகிறது. தோளில் அப்பு உறங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டேன். பின்பக்கம் போய் அடுப்பை அணைக்க வேண்டும். ஆனால் நான் நகர்ந்தால் மாளு சோபாவிலிருந்து இறங்கி அடுக்களைக்குப் போவாள். அவளை அங்கேயே நிறுத்த வேண்டும். எப்படி?

குடையின் பிடியை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினேன். குடை வெளியே, பிடி உள்ளே.

"மாளு, இதை ரெண்டு கையாலயும் பிடி. நீ விட்டா அப்புக்க குடை பறந்து போவும். நான் இந்தா வாறேன். விடப்பிடாது கேட்டியா."

மாளு இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தை அவ்வளவு கனமாக வைத்துக்கொண்டாள், உலகமே அந்தப் பிடியில் தொங்குகிற மாதிரி.

பின்பக்கம் ஓடினேன். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கேஸ் சிலிண்டர் வெளியேதான் இருக்கும், அங்கிருந்து குழாய் உள்ளே போகும். அங்கேயும் அப்படித்தான். ஒற்றைக் கையால் சிலிண்டரின் திருகைத் திருப்பி அடைத்தேன். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். அடுக்களைத் தரையில் ரெத்தினபாய் ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிட்டேன். அசைவில்லை. மூச்சு போய் வருவது தெரிந்தது. கம்பிக் கதவில் பூட்டு.

பக்கத்து முற்றத்தில் இரண்டு பேர் தரைக்கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் போய்க் கூப்பிட்டேன்.

"அண்ணா, சுத்தியலை எடுத்துட்டு ஓடி வாங்க. ஒரு பெம்பிள்ளை விழுந்து கெடக்கு. பூட்டை உடைக்கணும்."

"வீட்டுக்காரங்க?" என்று ஒருவர் தயங்கினார்.

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. உடைங்க."

இரண்டே அடி. பூட்டு தெறித்தது. அந்தச் சத்தத்தில்தான் அப்பு விழித்தான். சுற்றிலும் பார்த்தான், அழவில்லை, கல் பதிக்கிறவரின் தலைக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

உள்ளே போனோம். ரெத்தினபாயின் உடம்பெல்லாம் வேர்வை, கை சில்லென்று இருந்தது. மேடையில் மாத்திரை அட்டை. அதன் பக்கத்தில் திறக்காத சாப்பாட்டுப் பாத்திரம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். மாத்திரை போட்டுச் சாப்பிடாததில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கல் பதிக்கிறவர்களில் ஒருவர் சர்க்கரையைக் கலக்கித் தம்ளரில் கொண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் நான் தடுத்தேன்.

"ஊத்தாதீங்க அண்ணா. போதம் இல்லாதவளுக்கு வாயில ஒண்ணும் ஊத்தப்பிடாது, மூச்சில போயிரும். ஆட்டோவைக் கூப்பிடுங்க. சர்க்கரைக்காரி, மாத்திரை போட்டா, சோறு தின்னல்லன்னு ஆஸ்பத்திரியில சொல்லுங்க. அது மறக்கப்பிடாது."

மாத்திரை அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்தேன். அவளையும் அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது. எனக்கும் அதில் ஏற வேண்டும் என்று எவ்வளவு ஆசை. ஏறவில்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், நான் ஒருத்தி. வீட்டுக்குள்ளேயே நடந்து மாளு நின்ற ஜன்னலுக்குப் போனேன். மாளு இன்னும் குடைப் பிடியை விடவில்லை. கை வலித்து அழுகை வரும் நிலையில் நின்றாள். "போதும் மோளே, விட்டுரு" என்ற பிறகுதான் விட்டாள். விட்டதும் என் மடியில் விழுந்து ஒரு பாட்டம் அழுதாள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். அப்பு எங்கள் இருவரையும் பார்த்துக் கைதட்டினான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டீச்சர். இடைவேளையில் கேமராவைப் பார்த்திருக்கிறார். தொட்டில் காலி. உயிர் போனது போல் ஆகி, பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

"சேச்சி அதைச் சொல்லாம போயிருந்தா நான் ரோட்டுலயே விழுந்திருப்பேன்" என்றார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரெத்தினபாய்க்குப் போதம் வந்து, முதலில் மாளுவைக் கேட்டாளாம். பிறகு அவளே மாளுவின் அம்மாவைக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் ஆள் திரும்பக் கிடைத்திருக்காது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

நாலு மணிக்கு மாளுவின் அம்மா நர்ஸ் உடுப்போடே ஓடி வந்தார். மாளுவை அள்ளிக்கொண்டு, என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று வருஷமாக எதிரெதிரே இருக்கிற இரண்டு வீட்டுக்காரர்கள் அன்றுதான் முதல்முதலாக ஒருவர் பெயரை ஒருவர் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் ரெத்தினபாயைப் பார்க்க ஊரம்புக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க என்னத்துக்கு அக்கா சோறு தின்னல்ல? பாத்திரம் திறக்கவே இல்லியே."

அவள் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அண்ணைக்கு மட்டும் இல்ல மக்கா. மாளு எழும்பினப்பெறவு அவகூட இருந்துதான் தின்பேன். ஒத்தைக்கு இருந்து சோத்துல கை வைக்க எனக்கு ஒக்காது. வீட்டுல ஆறு பேரோட இருந்து தின்னு பழகினவ. மாத்திரையை நேரத்துக்குப் போட்டிருவேன், சோத்தைத் தள்ளி வச்சிருவேன்."

எத்தனை நாள் ஒரு மணிக்கு அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் புலி எங்கே போகும் என்று ஆயிரம் தடவை யோசித்தவள், அவள் சாப்பிட்டாளா என்று ஒரு தடவை கேட்டதில்லை.

ஊரம்பிலிருந்து வந்ததும் டீச்சரிடம் நேராகவே கேட்டேன். மத்தியானம் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் உறங்க வைத்தால் என்ன? டீச்சர் மாளுவின் அம்மாவிடம் பேசினார். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு வாரம் இந்த வீடு, ஒரு வாரம் அந்த வீடு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சளி இருந்தால் அன்றைக்கு மட்டும் தனித்தனி. எல்லார் எண்ணும் எல்லாரிடமும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இது உங்கள் சலிப்பைப் போக்கும் வழி மட்டும் இல்லை. ஒரு வீட்டில் பிள்ளையோடு தனியாக இருக்கிறவளுக்கு ஏதாவது ஆனால், அந்தப் பிள்ளைக்கும் ஆனது போலத்தான். ஒரு மணிக்கு உங்களைக் காணவில்லையே என்று தேட உலகத்தில் ஒரு ஆள் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் மறக்காமல், தின்னாச்சா என்று கேளுங்கள்.

ரெத்தினபாய் இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பன்னிரண்டரைக்கு மாளுவைக் கையில் பிடித்துக்கொண்டு இடவழியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பு ஒரு பக்கம், மாளு ஒரு பக்கம். இரண்டு பேரையும் தட்டிக் கொடுத்தோம். உறங்கினார்கள். சத்தம் இல்லாமல் அடுக்களைக்கு வந்து தரையில் உட்கார்ந்தோம். நான் அன்று மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெத்தோலி மீன் கறி வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவள் முன்னால் ஒரு தட்டமும் என் முன்னால் ஒரு தட்டமும் வைத்தேன். மாத்திரையைப் போட்டாள். ஒரு வாய் எடுத்தாள். அதற்குப்பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் தட்டம் துடைத்தது போல் ஆனது. விரலைச் சப்பிக்கொண்டு, முறிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, காதோடு காதாக என்னிடம் கேட்டாள்:

"இன்னும் கொஞ்சம் உண்டா?"